ஃபைபர் படகின் ஜெல்கோட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடகிழக்கு மழை ஓய்ந்து, படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்க்கிற நேரம். அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜெல்கோட், அதாவது படகின் வெளிப்புறத்தில் இருக்கும் நிறப் பூச்சு, பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். படகுக்கு எத்தனை வயது, இரவில் அது மணலில் கிடக்கிறதா தண்ணீரில் மிதக்கிறதா என்ற இரண்டையும் எழுதாமல் கேட்டால் உருப்படியான பதில் சொல்ல முடியாது. பலமுறை கேட்டுவிட்டேன், எழுதுங்கள்.

ஆறு வருடப் படகு, மணலில்தான் கிடக்கிறது. நீல நிறம் வெளுத்துவிட்டது, தடவினால் கையில் மாவு ஒட்டுகிறது. புதிதாக ஜெல்கோட் அடிக்க வேண்டுமா? (வேதாரண்யம்)

வேண்டாம். வெயில் மேற்பரப்பை மட்டும் அரித்திருக்கிறது, அதற்கு அடியில் நல்ல ஜெல்கோட் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்பு போக நல்ல தண்ணீரில் அலசுங்கள். 600 வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட நைசு) தொடங்கி 800, 1000 என்று ஈரத்தோடு தேயுங்கள். அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் வேக்ஸ். 220 பேப்பரைக் கையில் எடுக்காதீர்கள். ஜெல்கோட் மொத்தமே அரை மில்லிமீட்டர்தான். வருடாவருடம் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் சீக்கிரமே மேட் (உள்ளே இருக்கும் கண்ணாடி நார் விரிப்பு) பல்லிளிக்கும். அடுத்த படகுக்கு வெளிர் நிறம் கேளுங்கள். கரும்நீலமும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும்.

பக்கவாட்டில் மெல்லிய விரிசல்கள். ஜெல்கோட்டைக் குழைத்துத் தடவிவிட்டால் போதுமா? (தூத்துக்குடி)

எப்படிப்பட்ட விரிசல் என்று எழுதவில்லையே! ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாக விரிந்திருந்தால் அடி பட்ட விரிசல். உள்பக்கம் போய் அதே இடத்தை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கணீரென்று கேட்டால் மேட் நன்றாக இருக்கிறது. மொத்தையாகக் கேட்டால் அடுக்குகள் பிரிந்துவிட்டன, அங்கே ஜெல்கோட் வேலைக்கு இடமில்லை, மேட் வேலைதான்.

குறுக்குப் பலகை ஓரத்தில் வரிவரியாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் அலையில் அந்த இடம் வளைந்து கொடுக்கிறது என்று பொருள். உள்ளே இரண்டு அடுக்கு மேட் வைத்துப் பலப்படுத்தாமல் மேலே அடைத்தால் சில மாதத்தில் அதே கோடு திரும்ப வரும்.

அடைக்கும்போது விரிசலின் மேலேயே தடவாதீர்கள். V வடிவத்தில் கீறித் திறந்து, அசிட்டோனில் துடைத்து, காயவிட்டு, பிறகு நிரப்புங்கள். ஜெல்கோட்டைத் தடிமனாக அடித்தாலும் வெடிக்கும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

புது ஜெல்கோட் அடித்து இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. கேட்டலிஸ்ட் கொஞ்சம்தான் ஊற்றினோம். (ராமநாதபுரம்)

'கொஞ்சம்' என்பது அளவே இல்லை. கேட்டலிஸ்ட் என்பது ஜெல்கோட்டை இறுக வைக்கும் திரவம்; ஒரு கிலோ ஜெல்கோட்டுக்கு 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் 10 போதும், மேகம் மூடிய நாளில் 20 பக்கம் போகலாம். அளவுக்குழாய் ஒன்று வாங்கி வையுங்கள். அளந்துதான் ஊற்றினீர்கள் என்றால் காரணம் காற்று. பாலியெஸ்டர் ஜெல்கோட் காற்றுப் படும் மேற்பரப்பில் முழுதாக இறுகாது. அச்சுக்குள் அடிக்கும்போது அச்சுப் பக்கம் காற்று இல்லாததால் அங்கே இந்தத் தொல்லை வராது. பழுதுபார்க்கும்போது கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும், அல்லது பூசியவுடன் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். அடி இறுகி மேலே மட்டும் பிசுபிசுத்தால் அசிட்டோனில் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம். அடிவரை கொழகொழவென்று இருந்தால் முழுதும் சுரண்டி எடுங்கள். அதன்மேல் இன்னொரு பூச்சு அடிப்பது வீண்.

பழைய படகு ஒன்று விலைக்கு வருகிறது. ஜெல்கோட் புதுசாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (நாகப்பட்டினம்)

பழைய படகில் பளபளப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் அலுக்காது. ஜெல்கோட்டின் வேலை தண்ணீரும் வெயிலும் மேட்டைத் தொடாமல் காப்பது. பலம் முழுவதும் உள்ளே இருக்கும் மேட்டிலும், ரோவிங் என்ற தடித்த கண்ணாடி நார் நெசவிலும்தான். ஊறிப்போன மேட்டை மூடி மறைத்து விற்பதற்கும் அதே ஜெல்கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். இது உயிரோடு விளையாடுகிற வேலை.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் என்ன நடந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். இழந்த கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பதிலாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. தேவை ஒரே நேரத்தில் எழுந்ததால் அனுபவமில்லாத பட்டறைகளும் முளைத்தன. நல்ல படகுகளும் வந்தன. ஆனால் மேட் அடுக்கைக் குறைத்து, மேட்டைப் பிடித்து வைக்கும் பிசினான ரெசினைச் சரியாக இறுக விடாமல், வெளியே மட்டும் மினுக்கி அனுப்பியவையும் இருந்தன. வெளியே மினுங்கினால் போதும் என்ற அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. வாங்குகிறவர்களும் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

நீங்கள் உள்ளே இறங்குங்கள். பலகைகளைத் தூக்கி அடித்தளத்தைப் பாருங்கள். ரெசின் படாமல் மேட் வெள்ளையாக, உலர்ந்து தெரிகிறதா? எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் கசிகிறதா? வெளிர் நிறப் படகானால் நல்ல வெயிலில் உள்ளிருந்து பார்த்தாலே மெலிந்த இடம் வெளிச்சமாகவும், ஒட்டுப் போட்ட இடம் இருட்டாகவும் தெரியும். பிறகு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். அதே அச்சில் வார்த்த வேறு படகைவிடத் தூக்க அதிக ஆள் தேவைப்பட்டால், உள்ளே வைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருக்கலாம். 'இப்போதுதான் அடித்தோம்' என்று விற்பவர் சொன்னால், அடிக்கும் முன் எத்தனை நாள் காயவிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சிறு கொப்புளங்கள். உடைத்தால் புளித்த வாடையோடு நீர் வருகிறது. படகு எப்போதும் நீரில்தான், பத்து வருடம் ஆகிறது. (மன்னார்)

வேண்டிய விவரம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே போய், ரெசினில் கரையக்கூடியவற்றோடு சேர்ந்து புளிப்பு நீராகி, அழுத்தம் கூடிக் கொப்புளம் எழுப்புகிறது. தினமும் மணலில் ஏறிக் காயும் படகுகளில் இது குறைவு. எல்லாக் கொப்புளங்களையும் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நிழலில் காயவிடுங்கள். நாள்கணக்கு போதாது, வாரக்கணக்கில் காய வேண்டும். அப்புறம் எபாக்சி (வேறு வகை ரெசின்) பட்டி, எபாக்சி பூச்சு, அதன்மேல் அதற்கு ஒத்துப்போகும் பெயின்ட். எபாக்சி மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, அதை அடிக்காதீர்கள்.

ஓட்டையை கார் பாடி பட்டி வைத்து அடைக்கலாமா? (கடலூர்)

தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே கூடவே கூடாது. அது ஈரம் குடிக்கும்.

மணலில் இழுத்து இழுத்து ஏரா (படகின் அடித்தண்டு) தேய்ந்து மேட் தெரிகிறது. (பழவேற்காடு)

ஜெல்கோட் மணலுக்குத் தாங்காது. கழுவிக் காயவிட்டு, தேய்த்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று நான்கு அடுக்கு, மேலுள்ளது கீழுள்ளதைவிட அகலமாக வரும்படி வைத்து, அதன்மேல் ஜெல்கோட் அடியுங்கள். மேட் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், மழைநாளில் பிரித்து வைத்த சுருளை எடுக்காதீர்கள். இழுக்கும்போது அடியில் உருளைக்கட்டை கொடுங்கள். அது இல்லாமல் எத்தனை அடுக்கு வைத்தாலும் தேயும்.

நேரம் மிச்சமாகட்டும் என்று கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் முன்கூட்டியே ஒரே பாட்டிலில் கலந்து வைக்கலாமா? (ராமேஸ்வரம்)

கலக்காதீர்கள்! இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்; முதலில் அதை ரெசினில் முழுதாகக் கலக்க வேண்டும். வேலை தொடங்கும்போது மட்டும் கேட்டலிஸ்ட். ஒன்றை அளந்த குழாயில் இன்னொன்றை அளக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வையுங்கள். பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் விடாமல் கழுவி, அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

போன வருடம் வாங்கிய ஜெல்கோட் டப்பா பாதி மிச்சம். ஓடுமா? (குளச்சல்)

வெயில் படாத இடத்தில் வைத்திருந்தாலும் ஆறு மாதம்தான் கணக்கு. அடிவரை கிளறிப் பாருங்கள். கட்டி இருந்தால் தூக்கிப் போடுங்கள். இல்லையென்றால் 100 கிராம் எடுத்து, கேட்டலிஸ்ட் அளந்து ஊற்றி, ஒரு பழைய ஃபைபர் துண்டில் அடித்துப் பாருங்கள். அரை மணியில் கெட்டிப்பட ஆரம்பித்தால் சின்னச் சின்ன ஒட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முழுப் படகுக்கு புது டப்பா வாங்குங்கள். கெட்டியாகிவிட்டது என்று பெயின்ட் தின்னரோ மண்ணெண்ணெயோ ஊற்றி இளக்காதீர்கள்.