தடைக்காலம் முடிந்து தொட்டியைத் திறந்தால் முட்டை நாற்றம்

கேள்வி: நாகப்பட்டினத்தில் சொந்த விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். ஒரு தடவை போனால் பத்துப் பேர், எட்டு நாள் வரை தங்குவோம். வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரைமேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் முதல் தடவை போனபோது இரண்டாம் நாளே தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. பாதியில் திரும்பியதில் டீசலும் ஐஸும் நஷ்டம். கடைக்காரர் யூ.வி. (புற ஊதாக் கதிர்) மெஷின் ஒன்றை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர் வாங்குங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக்கிடக்கிறது. தொட்டியின் அடியில் மிச்சமிருந்த நாலு விரற்கடைத் தண்ணீரும் அந்த 61 நாளும் கோடை வெயிலில் கிடந்திருக்கும். அதிலிருந்த குளோரின் சில நாளிலேயே போயிருக்கும். அப்புறம், காற்றுப் புகாத வண்டலில் வளரும் ஒருவகை பாக்டீரியா தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். உங்கள் ஆட்கள் முகர்ந்தது அதைத்தான். புதுத் தண்ணீரை அந்த வண்டலின் மேலேயே நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வயிற்றுப்போக்கு அந்த வாயுவால் வந்திருக்காது. ஆனால் இந்த அளவுக்கு விட்டுவிட்ட தொட்டியில் வேறு கிருமிகளும் குடியிருக்கும்.

யூ.வி. விளக்கு தன்னைக் கடந்து போகும் தண்ணீரில் உள்ள கிருமியைச் செயலிழக்கச் செய்யும், அவ்வளவுதான். தண்ணீரோடு கூடவே போய்க் காவல் காக்கும் எதையும் அது விட்டுவைக்காது. விளக்கைத் தாண்டியதும் குழாயில் அழுக்கு இருந்தால் தண்ணீர் மறுபடி கெடும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி உள்ளே இறங்காது. வண்டல் படிந்த தொட்டிக்கு யூ.வி. மாட்டுவது, அழுக்குச் சட்டைமேல் சென்ட் அடிக்கிற கதை.

இனி கழுவும் முறை. முதலில் ஒரு எச்சரிக்கை. முட்டை நாற்றம் அடிக்கும் தொட்டிக்குள் தலையை விடாதீர்கள். டெக்குக்கு அடியில் கட்டிய தொட்டியாக இருந்தால் உள்ளே ஆளை இறக்கவே இறக்காதீர்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் விழுவான். மூடியைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டு, நீளக் கைப்பிடி பிரஷ்ஷை வெளியில் நின்றே போட்டுத் தேய்த்து, சேற்றையும் தண்ணீரையும் முழுக்க வெளியேற்றுங்கள். பிசுபிசுப்புப் படலம் முழுக்கப் போகும் வரை தேய்க்க வேண்டும். அந்தப் படலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டாது.

பிறகு மருந்து. நல்ல ப்ளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், ஆனால் திறந்து வைத்தால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே சாக்கில் அள்ளி நிறுத்துத் தரும் பவுடர் வேண்டாம். தயாரித்த தேதி போட்ட சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். 1000 லிட்டர் தொட்டிக்கு 170 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, அப்புறம் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். சமையல் பக்கக் குழாய் உட்பட ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். தொட்டி பளிச்சென்று இருக்கும், குழாய்க்குள் பழைய பாசி அப்படியே இருக்கும். நாலு மணி நேரம் ஊறியதும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியத் தொட்டியானால் அதற்கு மேல் ஊறவிடாதீர்கள், உலோகத்தை அரிக்கும். நாற்றம் போகட்டும் என்று வினிகரோ ஆசிட்டோ இதோடு கலந்துவிடாதீர்கள். கிளம்புவது விஷவாயு.

இவ்வளவும் தொட்டிக்குத்தான். குடிக்க நிரப்பும் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். மருந்துக்கு நிறுப்பது போல நிறுக்க வேண்டிய அளவு. ஒரு குட்டி டிஜிட்டல் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்துக் கிட்டால் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால் நல்லது. குறைந்தால் இன்னும் துளி பவுடர் சேர்க்கலாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 கேட்பது குறைந்தது 0.2. கடலில் தினமும் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டால் தண்ணீர் எப்போது கெடப் போகிறது என்று முன்னாடியே தெரியும்.

கிருமி உள்ளே வரும் வழிகளையும் பாருங்கள். நிரப்பும் வாய் டெக் மட்டத்திலேயே இருந்தால் மீன் கழுவிய தண்ணீர் அதன் வழியாக இறங்கும். ஒரு சாண் உயர்த்துங்கள். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். காற்றுக்குழாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டுங்கள். டெக் கழுவும் ஹோஸால் தொட்டியை நிரப்பவே கூடாது. அதற்கென்று தனி ஹோஸ் வேண்டும், அதன் வாய் தரையில் கிடக்கக் கூடாது, முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிட வேண்டும். படகை அடுத்த தடைக்காலத்துக்குக் கட்டும்போது தொட்டியைக் காலி செய்து, உலர்த்தி, வலை கட்டிய மூடியோடு விடுங்கள். பெயின்ட், தின்னர் வேலை நடக்கும்போது மட்டும் இறுக்கி மூடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: 1000 லிட்டர் என்பது ஒரு டன். அதைக் கூரைமேல் வைத்தால் படகின் எடை மேலே ஏறுகிறது. பாதி காலியானதும் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்து, படகு சாயும்போது இன்னும் சாய்க்கும். 500 லிட்டரில் இரண்டாகத் தாழ்வான இடத்தில் வைத்தால் படகுக்கும் நல்லது, ஒன்று கெட்டாலும் கரை திரும்ப இன்னொன்று இருக்கும். உங்களிடம் செலவழிக்கப் பணம் இருக்கிறது என்றால் நான் இதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

கேள்வி: தூத்தூர் பக்கம் ஆழ்கடல் தொழில். மாதக் கணக்கில் கடலில் இருப்போம். வீட்டு ஆர்.ஓ. மெஷினை ஜெனரேட்டரில் ஓட்டிக் கடல்தண்ணீரைக் குடிநீராக்க முடியுமா?

பதில்: முடியாது. கடல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. வீட்டு மெஷின்களின் அட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் 2,000 வரைதான் போட்டிருக்கும். கடல் உப்பை எதிர்த்துத் தண்ணீரை, உப்பை வடிகட்டும் மெல்லிய சவ்வுக்குள் தள்ள 55, 60 பார் அழுத்தம் வேண்டும். வீட்டுப் பம்பு தருவது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

கடலுக்கென்றே செய்த மெஷின்கள் கிடைக்கின்றன. வாங்குவதானால், மணிக்கு எத்தனை லிட்டர் என்பதோடு எந்த உப்பளவில், என்ன மின்சாரத்தில் என்றும் எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். துறைமுகத்துக்குள் அதை ஓட்டாதீர்கள், டீசல் படலம் சவ்வைக் கெடுத்துவிடும். குளோரின் கலந்த தண்ணீரால் சவ்வை அலசினாலும் அதே கதிதான். அதிலிருந்து தொட்டிக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இருக்காது என்பதால் மேலே குடிக்கும் தண்ணீருக்குச் சொன்ன அளவு பவுடரை அதற்கும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: காசிமேட்டில் ஒரு விற்பனையாளர் கார்பன் ஃபில்டரைத் தொட்டி நிரப்பும் இடத்தில் மாட்டச் சொன்னார். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) மீட்டரில் காட்டி, எங்கள் தண்ணீர் மோசம் என்றார். நம்பலாமா?

பதில்: இரண்டிலும் கோளாறு. கார்பன் குளோரினை உறிஞ்சிவிடும். நிரப்பும் இடத்தில் மாட்டினால் காவலாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகும், தொட்டிக்குள் தண்ணீர் காப்பின்றி நிற்கும். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றால் குடிக்கும் குழாயில், கடைசியாக மாட்டுங்கள். படகு கட்டிக்கிடந்த பிறகு பழைய கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரக் கார்பனில் கிருமி நன்றாக வளரும்.

டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டும்தான் அளக்கும். கழிவுநீர் துளி கலந்திருந்தாலும் அது ஒன்றும் சொல்லாது. இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பழுப்பு இரும்புக் கம்பியிலிருந்து வருவது. கிருமி இருக்கிறதா என்று அறிய ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இருக்கிறது. தண்ணீரை அதில் அடைத்து வைத்து, ஓரிரு நாளில் கறுத்துவிட்டால் கெட்ட தண்ணீர் என்று பொருள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டியும் சோதிக்கலாம்.

கேள்வி: பாம்பனில் பழைய நீல டிரம் சல்லிசாகக் கிடைக்கிறது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் தண்ணீர் பிடிக்கலாமா?

பதில்: அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் ரசாயனத்தை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடும், கழுவினால் போகாது. கயிறும் மிதவையும் போட்டு வைக்க அது நல்ல டிரம். தண்ணீருக்குப் புதிதாக வாங்குங்கள்: கேனில் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட உணவுச் சின்னம், தொட்டியில் ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தர முத்திரை. (எந்தக் கம்பெனி செய்தாலும் நமக்கு அது சின்டெக்ஸ்தான், ஆனால் முத்திரை எல்லாவற்றிலும் இருப்பதில்லை.) உள்பக்கம் வெளிச்சம் புகாததாகப் பாருங்கள், வெளிச்சம் போகும் தொட்டியில் பாசி பிடிக்கும்.

கேள்வி: படகுக்கு வாங்கிய தொட்டி மூன்றே மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. “நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் கிடையாது” என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கம் என்று அது கொள்வதில்லை. ஒற்றைப் படகை வைத்துத் தானே கடலுக்குப் போகிறவர் இதைச் சொல்லி வாதாடலாம். ஐந்து படகை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்குக் கஷ்டம். பில், வாரண்டி அட்டை, விரிசலின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால்? அடுத்த முறையாவது பில் கேளுங்கள்.

கேள்வி: வெயிலுக்கு மீன் ஐஸை உடைத்துத் தண்ணீர்க் குடத்தில் போடுகிறோம். தவறா?

பதில்: தவறுதான். அந்த ஐஸ் மீனுக்காகச் செய்தது. லாரியிலும் தரையிலும் இழுபட்டு, மண்வெட்டியில் அள்ளி வருவது. நீங்கள் அளந்து போட்ட குளோரின் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து ஐஸுக்குள் புதைத்து வையுங்கள். எடுத்ததும் வாயைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.