பெயரை அழித்தால் மரபணுத் தரவைப் பகிரலாமா?

இலங்கையின் மூதூர்ப் பக்கம் 40 பேரிடம் எடுத்த மரபணுத் தரவைப் பெயர் நீக்கிப் பொதுத் தளத்தில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். மரபணுத் தொடரில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களான மாறுபாட்டுப் புள்ளிகளில், ஒன்றையொன்று சாராத 30 முதல் 80 புள்ளிகளே ஓர் ஆளைத் தனித்துக் காட்டப் போதும். 2013இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் நிறப்புரியையும் (குரோமோசோம்) வம்சாவளித் தளங்களையும் ஒப்பிட்டே, பெயரில்லாத் தரவுக்கு உரியவர்கள் சிலரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைவிட, உங்கள் அட்டவணையில் 'பெண், 47, இன்ன கிராம அலுவலர் பிரிவு, தலசீமியா' என்று ஒரு வரி இருந்தால் மரபணுவே தேவையில்லை; ஊர்க்காரர் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வயதைப் பத்தாண்டு இடைவெளியாக்குங்கள், ஊருக்குப் பதில் மாவட்டம் போடுங்கள்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையில் வைக்கிறது. சம்மதப் படிவத்தில் இந்த ஆய்வு, பிற்கால ஆய்வு, வெளிநாட்டுக்கு அனுப்புதல் மூன்றுக்கும் தனித்தனிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரே கையொப்பத்தில் எல்லாவற்றையும் அடக்குவதுதான் வழக்கமான பிழை.

மூலக் கோப்புகளை விண்ணப்பித்துப் பெறும் களஞ்சியத்தில் வையுங்கள். பிறர் தரவிறக்கிய பிரதியைத் திருப்பி வாங்க முடியாது என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். கையொப்பமிட்டவரின் தரவில் சராசரியாகப் பாதி அவர் தங்கச்சியுடையதும்தான். அந்தத் தங்கச்சியிடம் யாரும் கேட்பதில்லை.