வாசகர் கேள்வி-பதில்: சூப்பர்சார்ஜர் பூட்டிய டிரக்குக்குப் பெட்ரோல் போதுமா?

கேள்வி: 8 சிலிண்டர், 6.2 லிட்டர் பிக்கப் டிரக். இன்டேக் போர்ட்டில் (காற்று நுழையும் வழியில்) இன்ஜெக்டர், அதாவது பெட்ரோல் தெளிப்பான். 0.7 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) தரும் சூப்பர்சார்ஜர் பூட்டப் போகிறேன். சக்கரத்தில் 580 குதிரைத்திறன் வந்தால் போதும். எந்தப் பம்ப் வாங்கலாம்?

பதில்: பம்பைக் கடைசியில் பாருங்கள். கணக்கு இன்ஜெக்டரில் தொடங்கி டேங்க்கை நோக்கிப் பின்னால் போக வேண்டும்.

முதலில் அந்த 580. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டயர் எல்லாம் தின்றது போக மிஞ்சுவதுதான் சக்கரத்தில் தெரியும். இழப்பை 17 சதவீதம் என்று வைத்தால் கிராங்க்கில் (இன்ஜினின் சுழல் தண்டில்) ஏறத்தாழ 700. சாதாரண பெட்ரோல் இன்ஜின் முழு ஓட்டத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 220 கிராம் அளவில் குடிக்கும். சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு 280 கிராம் என்று போடுங்கள். காரணம் இரண்டு. பெல்ட் வழியாகச் சூப்பர்சார்ஜர் உறிஞ்சும் சக்தியும் இன்ஜின் எரித்துத்தான் தர வேண்டும், ஆனால் அது கிராங்க்கில் கணக்குக்கு வராது. இன்னொன்று, பூஸ்ட் வரும்போது பிஸ்டனைக் காப்பாற்ற காற்று 11.5 பங்குக்குப் பெட்ரோல் 1 என்ற எடை அளவில் கலவையைச் செறிவாக ஓட்டுவோம்.

700-ஐ 280-ஆல் பெருக்கினால் மணிக்கு 196 கிலோ. பெட்ரோல் ஒரு லிட்டர் 0.74 கிலோ என்றால் 265 லிட்டர். எட்டு இன்ஜெக்டருக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 552 சிசி. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது. 80 சதவீதம்தான் எல்லை. 6,500 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 18.5 மில்லிவிநாடி, அதில் 14.8-தான் நமக்கு. ஆக ஒவ்வொன்றும் 690 சிசி தர வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஜெக்டரில் அச்சிட்ட எண் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்தது. உங்கள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாயில்) 4 பார் இருந்தால் அளவு அதே விகிதத்தில் கூடாது; 4-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.155, அந்த மடங்குதான் கூடும். அதாவது 600 சிசி என்று விற்கும் இன்ஜெக்டர் 4 பாரில் 690 சிசி தரும். சரியாக எல்லையில் நிற்கும். நான் 750 சிசி போடுவேன். அப்போது திறப்பு நேரம் 64 சதவீதத்தில் முடிந்துவிடும். வெயில் நாளில் பம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் தாங்கும்.

இப்போது பம்ப். ரெயில் அழுத்தம் 4 பார், பூஸ்ட் வரும்போது ரெகுலேட்டர் (ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) அதோடு 0.7 கூட்டும், ஆக பம்ப் தள்ள வேண்டியது 4.7 பாருக்கு எதிராக. அந்த அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில், 265-க்கு மேல் 20 சதவீதம் சேர்த்து மணிக்கு 320 லிட்டர் தர வேண்டும். பெட்டியில் '340' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் என்று பாருங்கள். அழுத்தம் ஏற ஏற அளவு இறங்கும் வரைபடத்தைத் தராத பம்பை வாங்க வேண்டாம். பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு எத்தனை பாரில் திறக்கும் என்றும் கேளுங்கள். அது 5 பாருக்குப் பக்கத்தில் திறப்பதாக இருந்தால், சரியாகத் தேவைப்படும் நேரத்தில் பாதிப் பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே திரும்பிக் கொட்டும்.

கேள்வி: எல்லாம் கணக்குப் போட்டுத்தான் பெரிய பம்ப் போட்டேன். இருந்தும் 5,000 சுற்றுக்கு மேல் ரெயில் அழுத்தம் இறங்குகிறது. பம்ப் போலியா?

பதில்: இருக்கலாம். ஆனால் பம்பைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

கம்பெனி போட்ட வயர் பழைய சின்னப் பம்புக்கானது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால், 18 ஆம்பியர் இழுக்கும்போது அதிலேயே 1 வோல்ட் போய்விடும். எர்த் பக்கமும் அதே கதை. பேட்டரியில் 13.8 காட்டும்போது பம்ப் முனையில் 12 வோல்ட்டே இருக்கும். அப்போது பம்ப் தரும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்ப் பாசிட்டிவிலும் வைத்து, பம்ப் ஓடும்போதே பாருங்கள். காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். எர்த்துக்கும் அப்படியே. ஒரு பக்கத்தில் 0.3-க்கு மேல் போனால், பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி அருகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, பெயின்ட் சுரண்டிய சேஸிஸில் தனி எர்த் என்று மாற்றுங்கள். பழைய பம்ப் வயர் ரிலேயை இயக்க மட்டும்.

வோல்ட் சரியென்றால் அழுத்தம் எப்படி விழுகிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லும். சுற்று ஏற ஏற ஒரே சீராக இறங்கினால் அளவு போதவில்லை. முள் துள்ளித் துள்ளி ஆடினால் உறிஞ்சும் பக்கம் காற்று புகுகிறது, அல்லது பம்பின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கிறது. அப்போது பம்ப் கூவுவதும் கேட்கும். பூஸ்ட் வந்தும் ஏறாமல், இறங்காமல் 4 பாரிலேயே அசையாமல் நின்றால், ரெகுலேட்டருக்குப் போகும் பூஸ்ட் ஹோஸ் கழன்றிருக்கிறது. அழுத்தம் கச்சிதமாக இருந்தும் கலவை மெலிந்தால் பெட்ரோல் குழாயை விட்டுவிட்டு இன்ஜெக்டரையும் டியூனையும் (இன்ஜின் கணினியில் ஏற்றிய அளவுகளையும்) பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் அளந்தே பார்த்துவிடலாம். திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, இன்ஜினை அணைத்த நிலையில் செய்ய வேண்டிய வேலை இது. டேங்க்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, அளவுக் கோடிட்ட 10 லிட்டர் உலோகக் கேனில் விடுங்கள். கேனுக்கும் சேஸிஸுக்கும் இடையே எர்த் வயர் மாட்டுங்கள். பேட்டரியில் சார்ஜரை மாட்டி 13.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். சார்ஜர் கிளிப் கேனுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ரெகுலேட்டரின் பூஸ்ட் முனையில் கைப்பம்பைப் பொருத்தி 0.7 பார் ஏற்றுங்கள். பம்பை மட்டும் ஓடவிட்டால் ரெயில் மீட்டர் 4-லிருந்து 4.7-க்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஏறினால் பம்பை 30 விநாடி ஓடவிட்டு அளந்து பாருங்கள். கேனில் 2.7 லிட்டர் விழுந்தால் பம்ப் குற்றமற்றது. 2.1 லிட்டர்தான் விழுந்தது என்றால் வடிகட்டியை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், அதற்குப் பிறகு பம்பைத் திட்டலாம்.

கேள்வி: என் டிரக்கில் திரும்பும் குழாயே கிடையாது. கட்டாயம் போட வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால் என்ன இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டேங்க்குக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும் அமைப்பில் ரெயில் எப்போதும் 4 பார்தான். இன்டேக்கில் 0.7 பார் எதிர்த்துத் தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 3.3. வர்க்கமூலக் கணக்குப்படி 9 சதவீதம் பெட்ரோல் குறையும். அதை டியூனில் சரிசெய்யலாம், இன்ஜெக்டரைக் கொஞ்சம் பெரிதாகவும் போடலாம். 0.5 பார் வரை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

அதற்கு மேல் போனால் ரெயிலுக்குப் பின்னால் பூஸ்ட் பார்க்கும் ரெகுலேட்டரும் திரும்பும் குழாயும் போடுங்கள். போகும் ஹோஸ் 8-ஆம் எண் ஏஎன் (ஹோஸ் அளவு முறை), திரும்புவது 6-ஆம் எண். திரும்புவதைச் சின்னதாக வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்; ஐட்லிங்கில் ஏறத்தாழ முழுப் பெட்ரோலும் அந்த வழியாகத்தான் திரும்புகிறது. ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்தியும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் திரும்பும் குழாய் குறுகல் என்று அர்த்தம். அதன் நுனி டேங்க்குக்குள் பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே, பம்ப் நிற்கும் வாளிக்குள் விழ வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைத்து, அந்த நுரையையே பம்ப் மறுபடி உறிஞ்சும்.

கேள்வி: இரண்டாவது பம்ப் போட்டு, பூஸ்ட் வரும்போது மட்டும் ஸ்விட்சில் ஓடவிடலாமா? பெட்ரோல் சூடாகாதே?

பதில்: சூடாகாது, உண்மைதான். ஆனால் அந்தப் பம்ப் செத்துப்போனால் சொல்லுவார் இல்லை. சாதாரண ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியாது. முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் அன்றுதான் தெரியும், பிஸ்டன் உருகிய பிறகு. 700 குதிரைத்திறனுக்கு நல்ல ஒற்றைப் பம்பே போதும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருடன் போட்டால் சூடும் குறையும். இரட்டைதான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஒருவழி வால்வு, தனி ஃபியூஸ், தனி ரிலே. ரெயிலில் அழுத்த சென்சார் வைத்து, ரெயிலுக்கும் இன்டேக்குக்கும் உள்ள வித்தியாசம் 3.6 பாருக்குக் கீழே போனால் இசியு (இன்ஜின் கணினி) உடனே இன்ஜினை அடக்கும்படி அமைத்துவிடுங்கள். ஒற்றைப் பம்புக்கும் இந்தக் காவல் நல்லதுதான்.

கேள்வி: பெரிய இன்ஜெக்டர் மாற்றியதிலிருந்து ஐட்லிங் ஏறி இறங்குகிறது. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மின்சாரம் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. 14 வோல்ட்டில் சுமார் 1 மில்லிவிநாடி தாமதம், வோல்ட் குறைந்தால் இன்னும் கூடும். பெரிய இன்ஜெக்டர் ஐட்லிங்கில் மொத்தம் 2 மில்லிவிநாடிதான் திறக்கிறது என்றால், இந்தத் தாமதத்தில் 0.1 பிசகினாலே கலவை 10 சதவீதம் மாறும். இன்ஜெக்டரோடு அதன் தாமத அட்டவணையும், குறுந்திறப்புத் திருத்தமும் (மிகக் குறைந்த நேரம் திறக்கும்போது வரும் பிசகுக்கானது) வாங்கி, உங்கள் ரெயில் அழுத்தத்துக்கு உரியதை டியூனில் ஏற்றுங்கள். ஏசி, ஹெட்லைட் போடும்போது மட்டும் ஐட்லிங் கெட்டால் அந்தத் தாமத அட்டவணையின் வோல்ட் வரிசையில்தான் தவறு இருக்கிறது.

கேள்வி: பிறகு இ85-க்கு மாறும் எண்ணம் இருக்கிறது. இப்போதே எதை மாற்றி வைக்கலாம்?

பதில்: இ85 என்ற எத்தனால் கலவைக்கு அளவில் 35 சதவீதம் கூடுதலாக வேண்டும். முதல் கேள்வியின் டிரக்குக்கு 265 லிட்டர் 360 ஆகிறது, முன்போல 20 சதவீதம் கூடுதலும் சேர்த்து 430. இன்ஜெக்டர் 3 பார் கணக்கில் 810 சிசி. கடையில் 1,000 சிசி வாங்குவதே நிம்மதி. அந்த 750 சிசி போதாது.

ஹோஸை இப்போதே உள்குழாய் டெஃப்லானாக உள்ளதாக வாங்குங்கள், அதிலும் கார்பன் கலந்த கறுப்பு உள்குழாய். வெள்ளை உள்குழாயில் நிலைமின்சாரம் தங்கிப் பொறி பறந்து பொத்தல் விழலாம். டெஃப்லான் ஹோஸுக்குப் பித்தளை வளையம் உள்ள தனி ஃபிட்டிங் உண்டு. ரப்பர் ஹோஸ் ஃபிட்டிங்கை அதில் திருகினால் இறுகியதுபோலத் தெரியும், 4 பார் வந்ததும் உருவிக்கொள்ளும். பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் வடிகட்டி. காகித வடிகட்டி எத்தனாலில் ஊறி உப்பும், கண்ணாடியிழை அல்லது ஸ்டீல் வலை எடுங்கள். பெயரில் 85 இருந்தாலும் அமெரிக்கத் தர அளவுப்படி எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். அதனால் எத்தனால் சென்சார் அவசியம். வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது: சுத்த பெட்ரோலுக்கு 50 ஹெர்ட்ஸ், சுத்த எத்தனாலுக்கு 150.

கேள்வி: டேங்க் கால் பாகத்துக்குக் கீழே போனால் கிளம்பும்போது மட்டும் ஒரு திணறல். ஏன்?

பதில்: பெட்ரோல் பின்சுவருக்கு ஓடுகிறது, பம்ப் காற்றைக் குடிக்கிறது. டிரக் டேங்க் நீளமாகத் தட்டையாக இருப்பதால் இது சகஜம். வாளியோடு வரும் பம்ப் அமைப்பு போடுங்கள். வாளியை நிரப்பும் சின்ன ஜெட் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை பாதி டேங்க்குக்குக் கீழே முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதீர்கள்.