நீக்கிய வொலியூமைத் திரும்ப எடுக்கலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் எங்கள் மொத்த வியாபாரக் கடைக்கு ஒரு லினக்ஸ் சேர்வர் இருக்கிறது. டிஸ்க்கில் இடம் எடுக்கப்போய், சோதனைக்கு வைத்தது என்று நினைத்து, போன வருடத்து பில்கள் இருந்த எல்.வி.எம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் முறை) வொலியூமை நீக்கிவிட்டேன். இறைவரிக்கு அந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. வொலியூமை நீக்கும் எல்.வி.ரிமூவ் கொமாண்ட் சாதாரணமாகத் தரவை அழிப்பதில்லை. வொலியூம் டிஸ்க்கில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பை நீக்கி, அந்த இடத்தைக் காலி என்று காட்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த வொலியூம் குரூப்பில், அதாவது வொலியூம்கள் இடம் எடுக்கும் பொதுத் தொகுதியில், புதிதாக எதையும் உருவாக்காதீர்கள். இருப்பதைப் பெரிதாக்கவும் வேண்டாம். சேர்வரை உடனே நிறுத்தச் சொல்லி யாராவது பயமுறுத்துவார்கள். தேவையில்லை. மற்ற வொலியூம்கள் தங்கள் எல்லைக்குள்தான் எழுதும். கடையில் பில் போடுவது நடக்கட்டும்.

அப்புறம், ஈ.டி.சி கோப்புறைக்குள் எல்.வி.எம், அதற்குள் ஆர்க்கைவ் என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு பழைய குறிப்பை எல்.வி.எம் அங்கே எழுத்துக் கோப்பாக வைத்துவிடுகிறது. வழக்கமான அமைப்பில் குறைந்தது 30 நாளாவது பத்திரமாக இருக்கும். பழைய குறிப்பைத் திரும்ப வைக்கும் வி.ஜி.சி.எஃப்.ஜி.ரிஸ்டோர் கொமாண்டை லிஸ்ட் தெரிவோடு ஓட்டினால் எல்லாம் தேதியோடு வரிசையாக வரும். 'எல்.வி.ரிமூவ் ஓடுவதற்கு முன்' என்ற விளக்கம் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. பக்கத்திலுள்ள பெக்கப் கோப்புறையை எடுக்காதீர்கள்; அதில் இருப்பது நீக்கிய பிறகான நிலை.

அந்தக் கோப்பைத் திறந்தே பாருங்கள். வொலியூமின் பெயர் இருக்க வேண்டும், அளவும் ஒத்துவர வேண்டும். எல்.வி.எம் இடத்தை எக்ஸ்டென்ட் என்ற துண்டுகளாக அளக்கும்; ஓர் எக்ஸ்டென்ட் வழக்கமாக 4 எம்.பி, 25,600 எக்ஸ்டென்ட் என்றால் 100 ஜி.பி. சரி என்றால், முதலில் டெஸ்ட் தெரிவோடு (எதையும் மாற்றாத ஒத்திகை), பிறகு நிஜமாக, அதே கொமாண்டுக்கு இந்தக் கோப்பைக் கொடுங்கள். கவனம்: முழுக் குரூப்பும் அந்த நேரத்து நிலைக்குத் திரும்பும். நீக்கிய பிறகு வேறு வொலியூம் உருவாக்கியிருந்தால் அதன் குறிப்பு போய்விடும்.

இனி எல்.வி.சேஞ்ச் கொமாண்டால் வொலியூமை இயக்கி, வாசிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, பில்களை வேறு டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். பிழை காட்டினால், கோப்பு அமைப்பைச் சோதிக்கும் எஃப்.எஸ்.சி.கே-யைத் திருத்த விடாமல், பார்க்க மட்டும் ஓட்டுங்கள்.

கைவிரிக்கும் இடமும் உண்டு. எல்.வி.எம்.கொன்ஃப் கோப்பில் இஷ்யூ டிஸ்கார்ட்ஸ் (காலியான இடத்தை டிஸ்க்குக்கே அறிவிக்கும் அமைப்பு) 1 என்று யாராவது மாற்றியிருந்து, டிஸ்க் எஸ்.எஸ்.டி ஆகவும் இருந்தால், நீக்கிய கணமே தரவும் போயிருக்கும். இயல்பாக அது 0. தின் பூல் வொலியூம் (தேவைப்படும்போது மட்டும் பொதுக் குளத்திலிருந்து இடம் எடுப்பது) என்றால் இந்த முறை போதாது. வி.ஜி.சி.எஃப்.ஜி.ரிஸ்டோர் ஃபோர்ஸ் தெரிவைக் கேட்கும், கொடுக்காதீர்கள். முழு டிஸ்க்கையும் அப்படியே நகலாக (இமேஜ்) எடுத்து, தரவு மீட்கும் ஆளிடம் கொண்டுபோங்கள்.

ஆர்க்கைவ் கோப்பே இல்லாவிட்டாலும் விடாதீர்கள். எல்.வி.எம் வைத்த டிஸ்க்கின் (பார்ட்டிஷனில் வைத்திருந்தால் அந்தப் பார்ட்டிஷனின்) முதல் 1 எம்.பி-யை டி.டி கொமாண்டால் கொப்பி எடுத்துப் பார்த்தால், பழைய குறிப்புகள் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே அங்கே கிடக்கலாம். வேண்டியதை வெட்டி எடுத்து, வி.ஜி.சி.எஃப்.ஜி.ரிஸ்டோர் கொமாண்டுக்குக் கொடுக்கலாம்.