தம்பி கன்சீலர் பூசுகிறான், வீட்டில் சண்டை. ஆண்கள் மேக்கப் போடலாமா?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன்: தம்பிக்கு 22 வயது, முகமெல்லாம் பருத் தழும்பு, அதை மறைக்கக் கன்சீலர் பூசியிருக்கிறான். அப்பா அதைக் கண்டுபிடித்துக் குப்பையில் எறிந்துவிட்டு "பொம்பிளை வேலை செய்யாதே" என்று பேசியிருக்கிறார். ஆண்கள் மேக்கப் போடுவது நம் சமூகத்துக்குச் சரிப்பட்டு வருமா?

சரிப்பட்டு வரும். நான் மட்டக்களப்பில் கல்யாண மேக்கப் செய்கிறவன். ஆண். 11 வருடமாக இதுதான் என் சோறு. அதனால் இந்தக் கேள்விக்கு யாரோ மூன்றாம் ஆள் போல என்னால் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மப்பா வேளாண்மைக்காரர். பெரும்போக வெட்டு முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிற காலத்தில் கூத்துப் பழகுவார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்கு ஆள் சட்டம் (அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும்) கொடுத்து, மாதக் கணக்கில் இரவிரவாக ஆட்டம் பழக்கி, பிறகு சதங்கை கட்டி, கடைசியில் வட்டக்களரியில், அதாவது வட்டமான கூத்து மேடையில், விடிய விடிய அரங்கேற்றுவார்கள். வடமோடி என்கிற வகைக் கூத்தில் அம்மப்பாவுக்கு எப்போதும் திரௌபதை வேஷம்தான். அந்தக் காலத்தில் பெண் பாத்திரம் எல்லாம் ஆண்கள்தானே ஆடினார்கள். பொழுது பட்டதும் ஒப்பனை தொடங்கும். முகம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவி, முத்துவெள்ளையைக் குழைத்துப் பூசி, கன்னத்துக்குக் குங்குமம் கலந்து இழைத்து, மையால் புருவத்தைக் காது வரைக்கும் நீட்டுவார்கள். சேலையை என் பெத்தாதான் (அம்மம்மா) கொசுவம் பிடித்துக் கட்டிவிடுவா. கட்டி முடித்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் பொட்டை மட்டும் அழித்துத் திரும்ப வைப்பா, வட்டம் சரியில்லை என்று.

களரியை நான் அரை நித்திரையில்தான் பார்த்திருப்பேன். மனதில் நிற்கிறது அதற்குப் பிறகு நடந்ததுதான். அரங்கேற்றம் முடிந்த பின்னால் கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். நல்ல பகல் வெயிலில், முகத்தில் சாயத்தோடு, எங்கள் ஒழுங்கையால் அம்மப்பா நடந்து வந்தார். வியர்வை வெள்ளைப் பூச்சைக் கிழித்துக்கொண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெற்றிலைத் தட்டத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள். மற்ற நாளில் மண்வெட்டியோடு போகிற அதே ஒழுங்கை, அதே சனம். அவருடைய ஆண்மையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் ஆடிய கடைசிக் கூத்து அது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றியபோது படித்தவர்களும் அதைக் கலை என்று தூக்கி வைத்தார்கள். இன்றைக்குக் கல்லடியில், சுவாமி விபுலாநந்தர் பெயரில் உள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். அம்பாறைப் பக்கம் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக் காலத்தில் பாண்டவர் வேடம் பூண்டு வருகிறவர்களைத் தெருவே கையெடுத்துக் கும்பிடுகிறது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் பெருநாள் தொழுகைக்குப் போகிற வாப்பாமாரின் கண்ணைப் பாருங்கள், சுறுமா என்கிற கண் மை இருக்கும். அது சுன்னத்து, நபிவழி என்று மரியாதையோடு இடுகிறார்கள். (சுறுமா வாங்குகிறவர்கள் கவனம், சில வகைகளில் ஈயம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.) எனவே ஆணின் முகத்தில் சாயமும் மையும் நமக்குப் புதுசு, வெளிநாட்டில் இருந்து வந்தது என்று யாராவது சொன்னால் அவர் நம் ஊரைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன். சாமிக்காகவும் சபைக்காகவும் பூசலாம், தன் முகத்துக்காகப் பூசக்கூடாது என்று எங்கேயோ ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டில்தான் உங்கள் தம்பி மாட்டியிருக்கிறான்.

நானும் மாட்டியவன்தான். மேக்கப் பழகப் போன முதல் இடத்தில் "பொம்பிளைப் பிள்ளைகள் படிக்கிற இடம், வேண்டாம் தம்பி" என்று வாசலோடு திருப்பினார்கள். எனக்குக் கை பழக்கியது ஒரு திருநங்கை அக்கா. அவவின் கைத்திறமைக்கு இந்த ஊரில் யாரும் கிட்ட வர ஏலாது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஸீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவ செய்த மணப்பெண் படங்கள் ஊர் முழுக்க அல்பங்களில் இருக்கின்றன, அந்தக் கல்யாணங்கள் ஒன்றுக்கும் அவவுக்கு அழைப்பிதழ் வந்ததில்லை. அவவிடம் போய்வருகிறேன் என்பதற்காக எனக்கும் பட்டப்பெயர் வைத்தார்கள். "அவன் அப்படியான ஆள்" என்றார்கள். கன்சீலர் பூசுகிறவன் எப்படியான ஆள் என்று கன்சீலரை வைத்துச் சொல்ல முடியாது. அப்படியே ஒருவர் அப்படியான ஆளாக இருந்தாலும் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்கிறேன். அக்காவிடம் பழகிய பிறகு இதை மெதுவாகச் சொல்கிற பழக்கம் என்னிடம் போய்விட்டது.

கல்யாணப் பொம்பிளையின் அறைக்குள் ஆண் வரக்கூடாது என்கிற வீடுகளும் உண்டு. அதில் எனக்குக் கோபம் இல்லை, அவவுக்குக் கூச்சமென்றால் அது அவவின் விருப்பம். சேலையை என்னோடு வருகிற தங்கச்சி பார்ப்பா, நான் முகமும் தலையும் மட்டும்.

மாப்பிள்ளை மேக்கப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். போன வருடம் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கட்டாரில் கட்டட வேலை, இரண்டு மாத லீவில் வந்தவர். பால் அறுகு வைத்து முழுக வார்த்து, ஈரத் தலையோடு கொண்டுவந்து என் முன்னால் இருத்தினார்கள். நெற்றியில் ஒரு கோடு. ஹெல்மெட் மூடுகிற இடம் ஒரு நிறம், அதற்குக் கீழே வெயில் பட்ட முகம் வேறு நிறம், தாடையில் வார் ஓடிய தடம் தனியாக. அவருடைய மாமா கதவடியில் நின்றுகொண்டு "ஆம்பிளைக்கு என்னத்துக்கு மனே இதெல்லாம்?" என்றார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மாமா வெளியே போன பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடி, "அண்ணன், இந்தக் கோடு தெரியாமச் செய்ய ஏலுமா?" என்று கேட்டார். நான்கு வருடமாக அந்தக் கோட்டோடுதான் வீடியோ கோலில் கட்டப்போகிற பொம்பிளையோடு கதைத்திருக்கிறார், தொப்பி போட்டுக்கொண்டு.

பிறகு தாய் வந்தா. "மகனைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்க மனே" என்றா. நான் செய்தது அதற்கு நேர் எதிர். முகத்தை நெற்றியின் நிறத்துக்குக் கொண்டுபோகாமல் நெற்றியை முகத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று நிறப் பவுண்டேஷனை (தோல் நிறத்தில் பூசுகிற முகப்பூச்சு) கையின் புறத்தில் கலந்து, கழுத்தோடு வைத்துப் பார்த்து, நெற்றியில் மட்டும் மெல்லிசாக ஒற்றி, கண்ணுக்குக் கீழே துளி, அவ்வளவுதான். தலைப்பாகை வைத்ததும் தாய் கிட்ட வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "ஒண்டும் பூசல்லியே, என்ர பிள்ளைதானே இது" என்றா. என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

இதற்குள் ஒரு வேலை நுணுக்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆண்கள் மேக்கப் அசிங்கமாக இருக்கிறது என்று சனம் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். அநேகமான பவுண்டேஷன்களின் நிறம் அடிப்படையில் நாலு நிறப்பொடிதான்: வெள்ளைக்கு டைட்டானியம் டையொக்சைட், பிறகு மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒக்சைட்டுகள். மலிவு சாமானில், அதிலும் வெளிறிய நிறத்தில், வெள்ளைப் பொடி தூக்கலாக இருக்கும். நம் தோலில் அது சாம்பல் பூத்த மாதிரி நிற்கும், கமராவின் ஃபிளாஷ் பட்டால் முகம் மட்டும் வெளுத்துப் படத்தில் பேய் மாதிரித் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "ஆம்பிளைக்கு மேக்கப் பொருந்தாது" என்கிறார்கள். பொருந்தாமல் போனது நிறம். பொம்பிளைக்கும் அந்த நிறத்தைப் பூசினால் அப்படித்தான் இருக்கும்.

அழகுசாதனத் தொழிலும் இதில் சும்மா இருக்கவில்லை. மக்ஸ் ஃபாக்டர் என்று ஒருவர், போலந்தில் பிறந்தவர், நாடகக்காரர்களுக்குப் பொய்முடி கட்டியவர். அமெரிக்காவுக்குப் போய் 1914இல் சினிமா நடிகர்களுக்காக மெல்லிய முகப்பூச்சு ஒன்றைச் செய்தார். இன்றைய பவுண்டேஷனுக்கு அது ஒரு முன்னோடி. செய்தவர் ஆண், பூசி நடித்தவர்களில் ஆண்கள் ஏராளம். ஆனால் அதைக் கடையில் வைத்து ஊருக்கு விற்கத் தொடங்கியபோது பெண்ணின் சாமானாக்கி விற்றார்கள். நூறு வருடம் அப்படி விற்றுவிட்டு இப்போது ஆண்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பெயரிலேயே "பெண்" உள்ள கவர்கேர்ள் நிறுவனம் 2016இல் ஜேம்ஸ் சார்ள்ஸ் என்ற 17 வயதுப் பையனை விளம்பரத்தில் நிறுத்தியது. ஷனெல் 2018இல் ஆண்களுக்கென்றே தனி மேக்கப் வரிசையைத் தென்கொரியாவில் முதலில் இறக்கியது. இதையெல்லாம் நான் விடுதலை என்று கொண்டாடவும் இல்லை, சீரழிவு என்று திட்டவும் இல்லை. கறுப்புப் போத்தலில் அடைத்து "ஃபோர் மென்" என்று எழுதினால் அதை வாங்கக் கூச்சம் குறைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே நாலு பொடிதான். உங்கள் தம்பி பெண்கள் பகுதியில் இருந்து எடுத்தாலும் ஒன்றும் குறையாது.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது வெள்ளையாக்கும் கிறீம். இதை ஆண்கள் எக்கச்சக்கமாகப் பூசுகிறார்கள், இதை யாரும் மேக்கப் என்று சொல்வதில்லை, அதனால் எந்த அப்பாவும் குப்பையில் எறிவதும் இல்லை. இந்தியாவில் 1975இல் ஃபெயார் அண்ட் லவ்லி வந்தது, 30 வருடம் கழித்து 2005இல் ஆண்களுக்கென்று ஃபெயார் அண்ட் ஹாண்ட்சம் வந்தது, பெரிய நடிகர்கள் விளம்பரம் செய்தார்கள். 2020இல் முதலாவது கிறீம் தன் பெயரில் இருந்த "ஃபெயார்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "குளோ" என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறினது சரி, சிவப்பாக இருந்தால்தான் பொம்பிளை தருவார்கள், வேலை தருவார்கள் என்கிற எண்ணம் மாறினதா? இதைவிடக் கொடியது லேபலே ஒழுங்காக இல்லாமல் சில கடைகளில் விற்கிற சின்னச் சின்ன டப்பாக்கள். சிலதில் பாதரசம் இருக்கும். ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று ஆகும், உள்ளே சிறுநீரகம் கெடும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தவே உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில், பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதையும் 2025க்குப் பிறகு செய்யவோ நாடு விட்டு நாடு அனுப்பவோ கூடாது என்று 2023இல் முடிவெடுத்திருக்கிறார்கள், இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. சட்டம் அப்படி இருக்க, என்னிடம் வருகிற மாப்பிள்ளைமாரில் சிலருக்குத் தோல் வெங்காயச் சருகு போல இருக்கிறது. கேட்டால் "கூட்டாளி ஒருத்தன் தந்த கிறீம்" என்பார்கள். ஆம்பிளைக்கு மேக்கப் கூடாது என்று வளர்த்த பிள்ளைகள்தான் இதை ஒளித்து ஒளித்துப் பூசுகிறார்கள். ஒளித்துச் செய்வதால் யாரிடமும் கேட்கவும் முடிவதில்லை.

உங்கள் அப்பாவிடம் எப்படிக் கதைப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் மீசைக்கு டை அடிக்கிறவராக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். சண்டைக்காக வேண்டாம், "அப்பா, நரை தெரியக்கூடாது என்று உங்களுக்கு இருக்கிற அதே விருப்பம்தான் தழும்பு தெரியக்கூடாது என்று அவனுக்கும்" என்று ஆறுதலாகச் சொல்லுங்கள். விளங்காமல் போகாது. என் அப்பாவுக்கு விளங்க ஆறு வருடம் எடுத்தது. இப்போது கல்யாண வீடுகளுக்கு என் மேக்கப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிவிடுகிறவர் அவர்தான், கயிறு இரண்டு சுற்று.

தம்பிக்கு: பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் தோல் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், கன்சீலர் பருவைக் குணமாக்காது. அப்புறம் எறிந்ததற்குப் பதிலாகப் புதுசு ஒன்று நீங்களே வாங்கிக் கொடுங்கள், எண்ணெய்ப்பசை இல்லாததாக. பகலில் கூட்டிக்கொண்டு போங்கள். கடை லைட்டுக்குக் கீழே கையில் பூசிப் பார்த்து வாங்க வேண்டாம், தாடையோரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள், எந்தக் கோடு தெரியாமல் போகிறதோ அதை வாங்குங்கள். விரலால் தேய்க்காமல் ஒற்ற வேண்டும். இரவில் கழுவாமல் படுக்க விடாதீர்கள்.