நிழல் தோட்டத்தில் ஹெல்லெபோர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுச் சுவரோரம் நாள் முழுக்க நிழல். அங்கே வைத்த 'கிறிஸ்துமஸ் ரோஸ்' வகை ஹெல்லெபோர் (குளிர்காலத்தில் பூக்கும் செடி) இலை விடுகிறது, பூக்கவில்லை. ஏன்?
(வாசகி, ஹாரோ, இங்கிலாந்து)

பதில்: முதலில் நட்ட ஆழத்தைப் பாருங்கள். தண்டும் வேரும் சேருகிற கழுத்து மண்மட்டத்திலேயே இருக்க வேண்டும். புதைந்துபோனால் பூ குறையும், கழுத்தும் அழுகும். மேல்மண்ணை விரலால் விலக்கிவிடுங்கள். பிடுங்கி நட வேண்டாம், வேரைக் கலைத்தால் இந்தச் செடி தேற நெடுநாள் ஆகும்.

ஆழம் சரி என்றால் கோளாறு நிழலில்தான். இதற்கு ஏற்றது இலையுதிர் மரத்தடி: கோடையில் நிழல், இலை கொட்டியபின் மொட்டு வரும் காலத்தில் வெளிச்சம். சுவரோர இருட்டு அப்படி அல்ல. அங்கே 'லென்டன் ரோஸ்' என்கிற ஹெல்லெபோர் கலப்பினமே மேல். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பூக்கும், அவ்வளவு பிடிவாதமும் கிடையாது. 30 செ.மீ. ஆழம் கொத்தி, மட்கிய இலையுரம் ஒரு வாளி கலந்து, 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். களிமண் என்றால் பருமணலும் சேருங்கள். குளிர்காலத்தில் நீர் தேங்கினால் வேர் போய்விடும். முதல் கோடையில் மண் காயவிடாதீர்கள்.

கேள்வி: இலையெல்லாம் கரும்புள்ளி. வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டலாம். அது பூஞ்சை. லென்டன் ரோஸில் டிசம்பர், ஜனவரியில் மொட்டு எழுமுன் பழைய இலைகள் எல்லாவற்றையும் அடியோடு நறுக்குங்கள். கிறிஸ்துமஸ் ரோஸில் புள்ளி விழுந்தவை மட்டும் போதும். நறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள், நோய் அங்கிருந்தே திரும்பும்.

ஆனால் நரம்பை ஒட்டிக் கறுப்புக் கோடு ஓடி, புதுத் தளிர் சுருண்டு குட்டையாக வந்தால் அது 'பிளாக் டெத்' என்கிற வைரஸ் நோய். மருந்து இல்லை. செடியைத் தோண்டி அழித்துவிடுங்கள், அசுவினியையும் கட்டுப்படுத்துங்கள். கையுறை அவசியம்: சாறு பட்டால் தோல் எரியும். செடி முழுக்க நச்சு. குழந்தைகளும் நாயும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறைபனியில் பூக்காம்பு தரையில் சாய்ந்துவிட்டது. முட்டுக் கொடுக்கவா?

பதில்: தேவையில்லை. பனி உருகினால் தானே நிமிரும்.

கேள்வி: விதை எப்போது போடலாம்?

பதில்: காய் வெடிக்கும் மே, ஜூனில் எடுத்த கையோடு போடுங்கள். காயவைத்துச் சேமித்த விதை சரியாக முளைக்காது. தொட்டியை வெளியிலேயே விடுங்கள். கோடை வெப்பமும் பிறகு குளிரும் பட்டால்தான் முளைக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆனால் தாய்ச்செடியின் நிறமே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.