வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு வட்டுகளின் ஆயுள் எவ்வளவு?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் 1990களின் இறுதியில் வாங்கி வந்த பிளேஸ்டேஷன் (சோனியின் வீடியோ கேம் கருவி) விளையாட்டு சி.டி.கள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அண்மையில் அவற்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது இரண்டில் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. சி.டி.க்கு 25 ஆண்டுதான் ஆயுள் என்றும், இனி எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆலையில் அச்சுவார்த்த வட்டுகளுக்கு 25 ஆண்டு என்று வரையறுத்த ஆயுள் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நூலகங்களுக்காக 2003இல் வெளியிட்ட கையேடு, இவ்வகை வட்டுகளின் ஆயுள் மதிப்பீடுகள் 20 ஆண்டு முதல் 100 ஆண்டு வரை வேறுபடுவதாகக் கூறுகிறது. ஒரு வட்டு எந்த ஆலையில் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது, அதன் பிறகு எப்படிப்பட்ட இடத்தில் இருந்தது என்பவற்றைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைவதால்தான் இந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருக்கிறது.

சி.டி.யின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பது விளங்கும். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் என்னும் கடினப் பிளாஸ்டிக் தகட்டின் மேற்புறத்தில் தரவுக்குரிய நுண்குழிகள் பதிந்திருக்கும். அவற்றின் மேல் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள அலுமினியப் படலம். அதன் மேல் தலைமயிரைவிட மெல்லிய அரக்குப் பூச்சு. அதற்கும் மேலே படமும் எழுத்தும் அச்சிட்ட முகப்பு. நாம் கண்ணும் கருத்துமாகக் காப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தை. தரவு இருப்பதோ படம் போட்ட பக்கத்தை ஒட்டி. அரக்குப் பூச்சு நன்றாக மூடாத இடங்களில், குறிப்பாக விளிம்பில், ஈரமும் காற்றும் நுழைந்து அலுமினியத்தை ஆக்சைடாக மாற்றிவிட்டால், லேசர் கதிரைத் திருப்பி அனுப்ப அங்கே எதுவும் இருக்காது. வட்டு அழுகல் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். பாலிகார்பனேட்டில் குழிகள் அப்படியே இருந்தும் படிக்க முடியாமல் போவது, இந்த அழிவில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

ஆலையின் தவறு எவ்வளவு பெரிய சேதத்தைச் செய்யும் என்பதற்கு நன்கு அறியப்பட்ட சான்று இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இயங்கிய பிலிப்ஸ்-டூபான்ட் ஆலை. 1988க்கும் 1993க்கும் இடையே அங்கே உருவான பல இசை சி.டி.கள், பூச்சு சரியில்லாததாலும் உறைத்தாளில் இருந்த கந்தகத்தாலும் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறிச் செயலிழந்தன. அதே காலத்தில் வேறு ஆலைகளில் செய்யப்பட்டு இன்றும் பிழையின்றி ஓடுகிற சி.டி.கள் ஏராளம்.

உங்கள் ஒளிப்புள்ளிகளைப் பற்றி: அவற்றைக் கண்டவுடன் தீர்ப்பு எழுத வேண்டாம். அலுமினியம் படியும்போதே விழுந்த துளைகள் புது வட்டுகளிலும் உண்டு. சி.டி.யின் பிழைதிருத்த முறை, குழிகள் வரிசையாகச் செல்லும் சுருள் தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு காணாமல் போனாலும் மீட்டுத் தரக்கூடியது. பிளேஸ்டேஷனின் கறுப்பு நிறத் தகடு கண்ணுக்குத்தான் இருட்டு, 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அதைத் தடையின்றிக் கடந்துவிடும். ஆகவே வலிமையான விளக்கொளியில் பார்த்து, புள்ளிகள் இருக்கும் இடங்களைப் படமெடுத்து வையுங்கள். ஓராண்டு கழித்து மீண்டும் பார்க்கும்போது அவை பெருகியிருந்தாலோ, விளிம்பிலிருந்து மேகம் படர்ந்ததுபோல் தெரிந்தாலோதான் அழிவு நடக்கிறது என்று பொருள்.

கேள்வி: கீறல் விழுந்த வட்டுகளைக் கடையில் மெருகேற்றித் தருகிறார்கள். பிளேஸ்டேஷன் 3 வட்டுக்கும் அதைச் செய்யலாமா? பற்பசை தேய்த்தால் போதும் என்கிறார்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெருகேற்றுவது என்பது அடிப்பக்கத்துப் பாலிகார்பனேட்டை மெல்லியதாகச் சீவி எடுப்பதாகும். சி.டி.யில் அதற்கு 1.2 மில்லிமீட்டர் இடமுண்டு. இரண்டு தகடுகளை ஒட்டி நடுவில் தரவை வைத்த டி.வி.டி.யில் 0.6 மில்லிமீட்டர் உண்டு. பிளேஸ்டேஷன் 3 பயன்படுத்தும் புளூ-ரே வட்டில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அதைக் காக்கத்தான் கடினமான பூச்சு ஒன்றைப் பூசியிருக்கிறார்கள். சீவினால் முதலில் போவது அந்தப் பூச்சு. ஆகவே புளூ-ரே வட்டை எந்த மெருகு இயந்திரத்திலும் கொடுக்காதீர்கள்.

பற்பசையும் ஓர் உராய்பொருளே. ஒரு கீறலை மறைக்கப் பல நுண்கீறல்களை அது உண்டாக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, கீறலின் திசையைக் கவனியுங்கள். மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் குறுகலாக வெட்டுவதால் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தின் போக்கிலேயே வட்டமாக விழுந்த கீறல், மங்கலாகத் தெரிந்தாலும், தொடர்ச்சியான தரவை மறைத்துவிடும். வட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து வெளிநோக்கி நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். சி.டி.யின் முகப்புப் பக்கத்தில் அலுமினியம் வரை இறங்கிய கீறலை மட்டும் எவராலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: என் பிளேஸ்டேஷன் 2 இப்போதெல்லாம் நீல நிற அடிப்பக்கம் கொண்ட வட்டுகளைப் படிக்க மறுக்கிறது, வெள்ளி நிற வட்டுகள் நன்றாக ஓடுகின்றன. நீல வட்டுகள் அழுகிவிட்டனவா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் வட்டுகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். நீல நிறத்தவை சி.டி.கள், வெள்ளி நிறத்தவை டி.வி.டி.கள். முன்னதை 780 நானோமீட்டர் ஒளியாலும் பின்னதை 650 நானோமீட்டர் ஒளியாலும் அந்தக் கருவி படிக்கிறது. ஒரு வகை முழுவதும் ஒரே நேரத்தில் ஓடாமல் போனால் சந்தேகப்பட வேண்டியது லேசர் பகுதியைத்தான். முதலில் லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே வட்டுகளைக் கணினியின் டி.வி.டி. டிரைவில் போட்டுப் படிக்கச் செய்யுங்கள்; அங்கே ஓடினால் குறை கருவியில்தான். முதல் பிளேஸ்டேஷனின் தொடக்க மாடல்களில் லேசர் ஏறிச் செல்லும் பிளாஸ்டிக் பகுதி தேய்ந்து, கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் விளையாட்டு ஓடும் என்ற நிலை பல வீடுகளில் இருந்தது. கருவியின் குறைக்காக நல்ல வட்டுகளைக் குப்பையில் போட்டவர்கள் பலர். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: பர்மா பஜாரில் வாங்கிய பழைய நகல் விளையாட்டு சி.டி.கள் ஏன் இவ்வளவு விரைவில் கெட்டுப்போயின?
– வாசகர், சென்னை

பதில்: அவற்றில் பெரும்பாலானவை ஆலையில் அச்சுவார்க்காமல், கணினி டிரைவில் லேசரால் எழுதப்பட்டவை. அச்சுவார்த்த வட்டில் தரவு என்பது பாலிகார்பனேட்டில் உள்ள குழி. எழுதப்பட்ட வட்டிலோ அது லேசரின் சூட்டில் நிறம் மாறிய சாயம். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மலிவான வட்டுகளில் சாயத்தின் தரமும் குறைவு. அப்படி எழுதிய வட்டுகளில் உங்கள் கோப்புகளோ புகைப்படங்களோ இருந்தால் இன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறோம். வட்டுகளை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: முதல் பதிலில் சொன்ன அமெரிக்கக் கையேடு 20 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பத்தையும் 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஈரப்பதத்தையும் கேட்கிறது. நம் வீடுகளில் அது நடவாத காரியம்; ஆனால் வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், மூடிய பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, ஒவ்வொரு வட்டையும் அதன் சொந்த உறையில் செங்குத்தாக நிறுத்தி வைப்பது நடக்கக்கூடியது. பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். மென்மையான பிளாஸ்டிக் பைகளில் திணித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வெதுவெதுப்பான நீரும் சிறிது மென்மையான சோப்பும் போதும். தின்னரும் பெட்ரோலும் பாலிகார்பனேட்டைக் கெடுத்துவிடும். பூஞ்சையை அலட்சியப்படுத்தவும் வேண்டாம்: மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில், வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில், ஒரு சி.டி.யின் பாலிகார்பனேட்டையும் அலுமினியத்தையுமே பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள்.

கேள்வி: என்னிடமுள்ள அசல் பிளேஸ்டேஷன் வட்டுகளைக் கணினியில் நகலெடுத்து வைக்கலாமா? சட்டம் அனுமதிக்கிறதா?
– வாசகர், மதுரை

பதில்: எடுத்து வையுங்கள், வட்டு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. அப்படியொரு விளையாட்டின் வட்டு அழிந்தால் கடைக்குச் சென்று மறுபடி வாங்க முடியாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதைப் பிறருக்கு விற்பதும் வழங்குவதும் இதில் அடங்கா. 2012 திருத்தம் நகலெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டுகளை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எடுக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் சி.டி.யை, தரவுப் பகுதியை மட்டும் கொள்ளும் ஐ.எஸ்.ஓ. (.iso) கோப்பாக மட்டும் எடுத்தால், இசை தனித் தடங்களாக உள்ள விளையாட்டுகள் ஊமையாகிவிடும். எல்லாத் தடங்களையும் கொண்ட .bin கோப்பும், அவற்றின் வரிசையைச் சொல்லும் .cue கோப்புமாக எடுப்பதே சரி. ஐரோப்பிய வெளியீடுகள் சிலவற்றில் நகலைத் தடுக்கும் பாதுகாப்புக் குறி, முதன்மைத் தரவோடு பதிந்திருக்கும் துணைத்தடத் தரவில் ஒளிந்திருப்பதால் அதையும் சேர்த்துப் படிக்கக்கூடிய மென்பொருள் தேவை. எடுத்து முடித்தவுடன் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் அடையாள எண்) கணக்கிட்டு, ரீடம்ப் என்னும் தன்னார்வலர் திட்டம் தொகுத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் உங்கள் நகலில் ஒரு பிட் கூடத் தவறவில்லை என்று உறுதிகொள்ளலாம். ஒத்துவராவிட்டால் வட்டைத் துடைத்து, வேறொரு டிரைவில், குறைந்த வேகத்தில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.